டேங்கைப் பெரிதாக்கினால் மாடி ஷவரில் தண்ணீர் வேகமாக வருமா?

திருப்பரங்குன்றம் பக்கம் வீட்டுக்கு மேல் புதிதாக மாடி எடுத்திருக்கிறீர்கள். மொட்டை மாடியில் 500 லிட்டர் டேங்க். கீழ்வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நன்றாக விழுகிறது, மாடி பாத்ரூம் ஷவரில் மட்டும் நூல் நூலாக வருகிறது. தண்ணீரின் எடை கூடினால் பிரஷரும் கூடும் என்று சொல்லி பிளம்பர் 1000 லிட்டர் டேங்க் வைக்கச் சொல்கிறார். உங்கள் மச்சினர், இருக்கிற டேங்கையே நாலடி உயர்த்தினால் போதும் என்கிறார். இதோடு, கிணற்று மேட்டில் வைத்திருக்கும் 1 எச்.பி. மோட்டார் இந்தக் கோடையில் தண்ணீர் 30 அடிக்குக் கீழே போனதும் இழுப்பதை நிறுத்திவிட்டது, 2 எச்.பி. வாங்கினால் இழுக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டேங்க் ஒரு பிரச்சினை, மோட்டார் வேறு பிரச்சினை என்று நீங்கள் எழுதியிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரை நகர்த்தும் அழுத்தம் அளவைப் பெரிதாக்கினால் கூடுமா, உயரத்தை மாற்றினால்தான் கூடுமா? உயரம்தான். மச்சினர் சொன்னது சரி. மோட்டாருக்கும் எச்.பி.யைக் கூட்டிப் பயன் இல்லை. மதுரையில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு நீரியல் பாடமும் ஆய்வகமும் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில், ஏன் அப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் எதில் பணம் போடலாம், எதில் போடக்கூடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஒரு சதுர செ.மீ. வாய் உள்ள குழாயை நட்டு வைத்து அதில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் 100 மி.லி. பிடிக்கும், அதாவது 100 கிராம். அந்த 100 கிராம் எடையைத் தாங்குவது அடியில் இருக்கும் ஒரு சதுர செ.மீ. பரப்பு. ஆகவே ஒரு மீட்டர் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ. பத்து மீட்டர் என்றால் 1 கிலோ. பிளம்பர்கள் "ஒரு கிலோ பிரஷர்" என்பது இதைத்தான். இப்போது குழாய் வாயின் பரப்பைப் பத்து மடங்காக்கி, அதே ஒரு மீட்டருக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எடை பத்து மடங்கு ஆகிவிட்டது, உண்மை. ஆனால் அந்த எடையைத் தாங்கும் அடிப்பரப்பும் பத்து மடங்கு ஆகிவிட்டது. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் பங்கு அதே 100 கிராம்தான்.

வகுப்பில் இந்த இடத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும். உங்கள் பிளம்பர் மனதில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அகலமான டேங்க் ஒடுங்கிய குழாயில் இறங்கும்போது, மேலே இருக்கிற மொத்தத் தண்ணீரும் அந்தச் சின்ன வாயை அமுக்காதா? அமுக்காது. குழாய் வாய்க்கு நேர் மேலே இருக்கும் தண்ணீரின் பாரம் மட்டும்தான் குழாய்க்குப் போகிறது. மீதித் தண்ணீரை டேங்கின் அடித்தளம் தாங்குகிறது, அதை உங்கள் கான்கிரீட் தளம் தாங்குகிறது. 1000 லிட்டர் டேங்க் வைத்தால் கூடுதல் அரை டன் பாரம் தளத்துக்குத்தான் போய்ச் சேரும், ஷவருக்கு அல்ல. நெதர்லாந்து பக்கத்து சைமன் ஸ்டெவின் 1586-லேயே இதை எழுதிவிட்டார். பாத்திரம் எந்த வடிவமாக இருந்தாலும் அடியில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமே என்பது அன்றைக்குப் படித்தவர்களுக்கே நம்ப முடியாத செய்தியாக இருந்தது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது. அது நிறைந்திருக்கும்போது பத்தடி ஆழத்துக்கு முங்கினாலும், ஒரு வீட்டுக் கிணற்றில் பத்தடி முங்கினாலும், காதில் உறைக்கும் அழுத்தம் ஒன்றேதான். வைகை அணைக்கும் இதே விதிதான். எத்தனை மில்லியன் கனஅடி நீர் இருப்பு இருக்கிறது என்பது பாசனத்துக்கு வேண்டிய கணக்கு. அணைச் சுவரின் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அழுத்தம் என்பதற்கு அடிக்கணக்கு போதும். 71 அடி ஆழத்தில் சதுர செ.மீ.க்குச் சுமார் 2.16 கிலோ. பின்னால் நீர் எத்தனை கிலோமீட்டர் தேங்கி நின்றாலும் அந்த எண் மாறாது.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தளத்துக்குத் தளம் 10 அடி என்றும், டேங்க் ஓரடி மேடையில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மாடி ஷவர் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும், அதாவது மொட்டை மாடித் தளத்துக்கு மூன்றடி கீழே. மேடையின் ஓரடியைச் சேர்த்தால் டேங்கின் அடிப்பகுதிக்கும் ஷவருக்கும் இடையே வெறும் நாலடி. டேங்க் தளும்ப நிறைந்திருந்தால் ஏழடி கிடைக்கும். காலியாகக் காலியாக நாலடிக்கு இறங்கிவிடும். நாலடி என்பது 1.2 மீட்டர், 0.12 கிலோ பிரஷர். கீழ்வீட்டில் இரண்டடி உயரத்தில் இருக்கும் குழாய்க்கோ 19 முதல் 22 அடி வரை இருக்கிறது. ஒரே டேங்க், ஒரே தண்ணீர், ஆனால் கீழே கிடைக்கும் அழுத்தம் மாடியில் கிடைப்பதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. கீழே நன்றாக விழுகிறது, மேலே விழவில்லை என்று நீங்கள் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டேங்கை நாலடி உயர்த்தினால் என்ன ஆகும்? ஷவருக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச உயரம் நாலிலிருந்து எட்டடி, அழுத்தம் இரட்டிப்பு. ஆனால் தண்ணீரின் வேகம் இரட்டிப்பு ஆகாது. வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதைக் கண்டு சொன்னவர் இத்தாலியின் டோரிசெல்லி. உயரம் இரண்டு மடங்கானால் வேகம் சுமார் 1.4 மடங்கு, அதாவது 40 சதவீதம் கூடும். கீழ்வீட்டுக் குழாயில் 19 அடி 23 அடியாகும். அங்கே வேகம் 10 சதவீதம்தான் கூடும், கண்ணுக்கே தெரியாது. நீங்கள் செலவழிக்கும் அந்த நாலடியின் பலன் எங்கே தேவையோ அங்கேதான் அதிகம் கிடைக்கிறது.

பிளம்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1000 லிட்டர் டேங்க் அகலத்தில் மட்டுமல்லாமல் உயரத்திலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நிறைந்திருக்கும்போது அந்தக் கூடுதல் உயரம் உதவும். அகலம் அதிகம் என்பதால் நாலு பேர் குளித்தாலும் மட்டம் சீக்கிரம் இறங்காது. அவர் பெரிய டேங்க் வைத்துக் கொடுத்த வீடுகளில் "இப்ப பரவாயில்லை" என்று சொல்லியிருப்பார்கள், அதை அவர் பார்த்திருப்பார். பலன் வந்தது உயரத்தால். அவர் பெயர் கொடுத்தது எடைக்கு.

இதுவரை சொன்னது தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்ள அழுத்தம். குழாயைத் திறந்து தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் அதில் ஒரு பங்கை உராய்வு எடுத்துக்கொள்கிறது. உங்களைப் போல நாலடி உயரத்தில் பிழைக்கும் ஷவருக்கு இந்தப் பங்கு மிகப் பெரியது. 15 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய் 12 மீட்டர் நீளம் ஓடுகிறது, நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உராய்வுக்கு மட்டும் சுமார் ஒரு மீட்டர் உயரம் போய்விடுகிறது. உங்களிடம் மொத்தமே 1.2 மீட்டர்தான் இருக்கிறது! அதே தண்ணீர் 20 மி.மீ. குழாயில் வந்தால் இழப்பு கால் மீட்டர்தான். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினதற்கே இழப்பு நாலில் ஒன்றாகிவிட்டது. வீட்டுக் குழாய்களில் தண்ணீர் சுழித்துச் சுழித்து ஓடுவதால், ஒரே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குக் கிட்டத்தட்ட எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதனால் டேங்கிலிருந்து இறங்கும் மெயின் லைன் ஒரு இஞ்சும், பாத்ரூம் வரை முக்கால் இஞ்சும், ஷவருக்குத் திரும்பும் கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்சும் இருப்பது நல்லது. மேலிருந்தே அரை இஞ்சு போட்டிருந்தால் டேங்கை உயர்த்தியும் பாதிப் பலன்தான்.

உங்கள் வீட்டில் உராய்வு எவ்வளவு தின்கிறது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் அளந்துவிடலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் மாதிரி கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுங்கள். மாடி பாத்ரூம் குழாய் ஒன்றின் வாயில் இறுக்கமாக மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்கு ஏற்றிக் கட்டுங்கள். வீட்டில் மற்ற எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இந்தக் குழாயைத் திறந்தால், டியூபில் தண்ணீர் ஏறி, டேங்கில் இருக்கும் மட்டத்துக்கே வந்து நிற்கும். குழாய் அரை இஞ்சோ ஒரு இஞ்சோ, எத்தனை எல்போ இருந்தாலும் சரி, அதே மட்டம்தான். இப்போது ஷவரைத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் மட்டம் இறங்கும். எத்தனை அடி இறங்குகிறதோ, டேங்கிலிருந்து அந்த பாத்ரூம் வரை தண்ணீர் வந்து சேர்வதற்குச் செலவாகும் உயரம் ஏறக்குறைய அவ்வளவு. மாணவர்களிடம் சமன்பாட்டைப் பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இந்த ஒரு டியூபைக் காட்டுவது எவ்வளவோ மேல். மட்டம் நிறைய இறங்கினால் கோளாறு மேலிருந்து வரும் லைனில். சற்றும் இறங்கவில்லை, ஆனாலும் ஷவரில் நூலாகத்தான் வருகிறது என்றால் கோளாறு ஷவரிலோ அதற்குப் போகும் கடைசித் துண்டிலோ.

கேள்வியின் கடைசி வரியில், தோட்டத்துக் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பாய்ந்து அடிக்கிறதே, அப்படியானால் சின்னக் குழாய் போட்டால்தானே வேகம் வரும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பாடப்புத்தகப் பதில், குறுகிய இடத்தில் வேகம் கூடும் என்பது. அது பாதிதான். ஹோஸில் நிமிடத்துக்கு ஓடும் தண்ணீர் மாறாமல் இருந்தால்தான் அந்தப் பதில் முழுமை ஆகும். ஒரு வாளியை வைத்து நேரம் பாருங்கள்: விரலை வைத்தால் வாளி நிறைய அதிக நேரம் ஆகும். நடப்பது இது. வாய் திறந்திருக்கும்போது ஹோஸ் முழுவதும் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, உராய்வு அழுத்தத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது, வாய்க்கு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான். விரலை வைத்ததும் ஓட்டம் குறைகிறது, உராய்வு இழப்பு சரிகிறது, டேங்கின் உயரம் தரும் அழுத்தம் ஏறக்குறைய முழுதாக வாய் வரை வந்து சேர்கிறது. அந்த அழுத்தம்தான் மெல்லிய கீற்றை வேகமாக அடிக்க வைக்கிறது. வேகம் வாயில் மட்டும், அளவு குறைந்துபோய். குழாய் முழுவதையும் சின்னதாக்கினால் நடப்பது இதற்கு நேர் எதிர்: உராய்வு வழி முழுவதும் கூடி, வாயில் அழுத்தமும் இருக்காது, அளவும் இருக்காது. குழாய் பெரிதாகவும் ஷவரின் துளைகள் சிறிதாகவும் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

இனிச் சொல்வது ஊகம். நேரில் பார்க்காமல் எது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மதுரைப் பக்கம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. ஷவர் துளைகள் வெள்ளை படிந்து அடைவது சாதாரணம். ஷவரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் நன்றாக வந்தால் அதுதான் காரணம், வினிகரில் ஊறப்போட்டுத் துலக்கினால் சரியாகிவிடும். பெரிய தட்டு மாதிரி ஷவர் வாங்கியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியது. அந்த வகையில் பல, பம்பு தரும் பிரஷரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை, 0.12 கிலோவுக்கு அவை மசியாது. அடுத்து, டேங்க் ஒரு தடவை முழுசாகக் காலியாகி நிறைந்த பிறகு தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் லைனில் காற்று சிக்கியிருக்கலாம். மொட்டை மாடியில் குழாய் ஒரு இடத்தில் மேலேறி இறங்கும்படி போட்டிருந்தால் அந்த மேட்டில் காற்று தங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் குழாய் சூடாகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து அங்கேயே சேரும். டேங்க் வாயை அடுத்து, டேங்கைவிட உயரமாக, வாய் திறந்த ஏர் வென்ட் குழாய் ஒன்றை நட்டுவிட்டால் காற்று போய்விடும். அப்புறம், டேங்குக்கு அடியில் இருக்கும் கேட் வால்வு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது மோட்டார். தண்ணீரை மோட்டார் இழுக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் மோட்டார் தன் வாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் பரப்பை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலே ஏற்றுகிறது. அந்தக் காற்றுக்கு ஒரு எல்லை உண்டு. டோரிசெல்லி 1643-ல் கண்ட பாதரச மட்டம் 76 செ.மீ.; பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால், தண்ணீர்க் கணக்கில் அது 10.3 மீட்டர், சுமார் 34 அடி. உலகத்தின் மிகச் சிறந்த பம்பு தன் வாயில் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் காற்றுமண்டலம் 34 அடிக்கு மேல் தள்ளாது. எச்.பி.க்கு இதில் வேலையே இல்லை, ஏனென்றால் தள்ளுவது மோட்டார் அல்ல.

நடைமுறையில் 34 அடியும் கிடைக்காது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் 30 டிகிரி வெப்பத்தில் இருந்தால், அழுத்தம் குறைந்த இடத்தில் அது ஆவியாகிக் குமிழிகள் விடத் தொடங்கும். இதில் ஒன்றரை அடி அளவு போகும். குழாயின் உராய்வு, உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வின் தடை, பம்பின் உள்ளேயே ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்து 22 முதல் 25 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் குமிழிகள் பம்புக்குள் வெடித்து, சரளைக் கல்லை அரைப்பது போலச் சத்தம் வரும், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரும் அரித்துப்போகும். கொடைக்கானலில் கிணறு வெட்டி இதே மோட்டாரை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால், 34 அடி என்ற அந்த மேல் எல்லையே 26 அடி சுமாருக்கு இறங்கிவிடும். 2 எச்.பி. மோட்டார் அதிகத் தண்ணீரை எடுக்க முயலும், அதே குழாயில் வேகம் கூடும், உராய்வு இழப்பும் கூடும், எட்டும் ஆழம் இன்னும் குறையத்தான் செய்யும். பணத்தை அதில் போடாதீர்கள்.

தண்ணீர் 30 அடிக்கு இறங்கியதும் நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்வது இந்த எல்லையோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனாலும் ஃபுட் வால்வு கசிந்தாலோ, உறிஞ்சு குழாயின் மூட்டு ஒன்றில் காற்று புகுந்தாலோ இதே மாதிரிதான் நிற்கும் என்பதால், மோட்டாரை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உறிஞ்சு பக்கத்தில் வெற்றிட அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ் மாட்டி, குழாயில் தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள். முள் 600 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி ஏறினால் பம்பு தன் வேலையைச் செய்கிறது, ஆழம்தான் அதிகம். முள் பாதியிலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தால் எங்கோ காற்று புகுகிறது.

ஆழம்தான் பிரச்சினை என்றால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் உள்ளே பாதி ஆழத்தில் திட்டு விட்டு அதில் மோட்டாரை வைத்திருப்பது இதற்காகத்தான். கீழிருந்து மேலே தள்ளுவதற்கு 34 அடி எல்லை கிடையாது; அங்கே எச்.பி. பேசும். மாடு கட்டிக் கமலையில் இறைத்த காலத்திலும் இந்த எல்லை இல்லை, சால் என்ற வாளியும் கயிறும் தண்ணீரை அள்ளித் தூக்கினவே தவிர உறிஞ்சவில்லை. உங்களுக்குத் தோதானது தண்ணீருக்குள் முங்கியே ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டார். 1 எச்.பி. போதுமா என்பதைக் கிணற்றின் அடியிலிருந்து டேங்கின் உச்சி வரை உள்ள மொத்த உயரத்தைச் சொல்லி, கடையில் மோட்டாரின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டேங்கை நாலடி உயர்த்தப் போகிறீர்கள் என்றால் அந்த நாலடியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டேங்க் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் அரை டன். அதை நாலு காலில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றும்போது, முன்பு மேடை முழுவதும் பரவியிருந்த பாரம் நாலு புள்ளிகளில் இறங்கும். கால்கள் பீம் அல்லது சுவருக்கு நேர் மேலே வருகிறதா, ஆடிக் காற்றுக்குக் காலி டேங்க் அசையாமல் இருக்குமா என்பதை வீட்டு வரைபடத்தோடு ஒரு சிவில் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். தளத்தின் பலம் எனக்குத் தெரிந்த பாடம் அல்ல. ஷவரைக் கழற்றிப் பார்ப்பதையும் டியூப் சோதனையையும் முதலில் முடித்துவிடுங்கள், இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஆகாது. டியூபில் மட்டம் எவ்வளவு இறங்கியது, மெயின் லைன் என்ன அளவு என்று இங்கேயே எழுதினால், ஸ்டாண்ட் முதலில் வேண்டுமா குழாய் முதலில் மாற்ற வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.